டைம் அவுட்டா, ரெஃப்யூஸ்டா? கிளவுட் சர்வர் கோளாறுகளைத் தேர்வுக்காகப் பழகுவது எப்படி

ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். பத்து நிமிடம் நின்றும் யாரும் குரல் கொடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் தட்டிய கையோடு உள்ளிருந்து ஒருவர், “அப்படி யாரும் இங்கே இல்லை” என்கிறார். இரண்டு இடத்திலும் தேடிப்போன ஆளைப் பார்க்க முடியவில்லை. ஆனால் முதல் வீட்டில், சரியான தெருவுக்குத்தான் வந்தோமா என்பதே நிச்சயமில்லை. இரண்டாவதில் வழியில் குறையில்லை, ஆள்தான் இல்லை.

சர்வரும் இப்படித்தான். காத்துக் காத்துக் கடைசியில் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று வந்தால், பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) வழியில் எங்கோ சத்தமில்லாமல் விழுங்கப்பட்டிருக்கிறது. போன வேகத்தில் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், பாக்கெட் சர்வரைத் தொட்டுவிட்டது. அந்தப் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசலில்) கேட்க யாரும் இல்லை. செக்யூரிட்டி குரூப் (கிளவுடில் சர்வருக்கு முன் நிற்கும் ஃபயர்வால்) ஒருபோதும் ‘ரெஃப்யூஸ்டு’ என்று பதில் சொல்லாது. அது பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஆகவே ‘ரெஃப்யூஸ்டு’ வந்த பிறகு செக்யூரிட்டி குரூப்பைத் திறந்து திறந்து பார்ப்பது வீண்வேலை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு இரவு செலவானது.

தேர்விலும் இதைத்தான் கேட்கிறார்கள். கேள்வியில் அறிகுறியைச் சொல்லும் ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல் எந்த அடுக்கைக் காட்டுகிறது என்று தெரிந்தால் நான்கு விடைகளில் இரண்டு உடனே கழன்றுவிடும்.

எந்தத் தேர்வு

இங்கே நான் எடுத்துக்கொள்வது அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் ஒரு தேர்வு: ஏடபிள்யூஎஸ் சர்டிஃபைடு கிளவுட்ஆப்ஸ் இன்ஜினியர், அசோசியேட் நிலை. 2025 செப்டம்பர் வரை இதற்கு சிஸ்ஆப்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். 65 கேள்விகள், 130 நிமிடங்கள், அதாவது ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். 1000-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. கண்காணிப்பும் செயல்திறனும் சேர்ந்த பகுதிக்கு 22 சதவீதம், நெட்வொர்க்கிங் பகுதிக்கு 18 சதவீதம். இந்தக் கட்டுரை பேசப்போவது அந்த 40 சதவீதத்தைப் பற்றித்தான். அஷூரோ கூகுள் கிளவுடோ படிப்பவர்களுக்குப் பெயர்களும் எண்களும் மாறும். தேடும் வரிசை பெரும்பாலும் இதேதான்.

முதலில், கெடுத்துப் பார்க்க ஓர் இடம்

வீடியோ பார்த்து இதைப் படிக்க முடியாது என்பது என் கருத்து. சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தே சைக்கிள் பழகிவிட முடியுமா? சொந்தக் கணக்கில் ஒரு சின்ன விபிசி (கிளவுடுக்குள் நமக்கே உரிய தனி நெட்வொர்க்) கட்டுங்கள்: முகவரி வரம்பு 10.0.0.0/16. அதன் பகுதிகளாக இரண்டு சப்நெட்: 10.0.1.0/24 பப்ளிக் சப்நெட், 10.0.2.0/24 பிரைவேட் சப்நெட். பப்ளிக்கில் ஒரு டி3 மைக்ரோ (சின்ன வாடகைச் சர்வர்), அதில் என்ஜின்எக்ஸ் (வலைப்பக்கம் தரும் மென்பொருள்). பிரைவேட்டில் இன்னொன்று. பிரைவேட் சர்வர் இணையத்துக்குப் போக, பப்ளிக் சப்நெட்டில் ஒரு நாட் கேட்வே.

ஆரம்பிக்கும் முன் பட்ஜெட் அலர்ட் போட்டுவிடுங்கள். நாட் கேட்வே சும்மா நின்றாலும் மணிக்குக் காசு ஓடும். வடக்கு வர்ஜீனியாவில் மணிக்கு 0.045 டாலர். 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் தனி. ஒரு வார இறுதியில் முடித்துவிட்டால் பெரிய தொகை இல்லை. மறந்து ஒரு மாதம் விட்டுவிட்டால் வயிற்றெரிச்சல்தான்.

எல்லாம் நன்றாக ஓடுகிறதா? சரி, இனி ஒவ்வொன்றாகக் கெடுப்போம்.

பாக்கெட் போகும் வழியிலேயே நாமும் நடப்பது

கோளாறு வந்தால் பலரும் கைக்கு வந்த இடத்தைத் திறப்பார்கள். அதைவிட, பாக்கெட் எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் போவது நல்லது. வெளியிலிருந்து பப்ளிக் சர்வருக்கு வரும் வழி: பெயர் ஐபியாக மாறுகிறது, இன்டர்நெட் கேட்வே, சப்நெட்டின் நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட் வாசலின் விதிப் பட்டியல்), செக்யூரிட்டி குரூப், சர்வரின் சொந்த ஃபயர்வால், கடைசியில் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல். பதில் திரும்பும்போது ரூட் டேபிளையும் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) ஏசிஎல்லையும் மறுபடி தாண்ட வேண்டும். திரும்பும் வழி என்று ஒன்று இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். தேர்வில் பல கேள்விகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

பப்ளிக் சப்நெட் என்று பெயர் வைத்ததால் அது பப்ளிக் ஆகிவிடாது. அதன் ரூட் டேபிளில் 0.0.0.0/0 (மற்ற எல்லா முகவரிகளும்) இன்டர்நெட் கேட்வேயைக் காட்ட வேண்டும். அத்தோடு சர்வருக்குப் பப்ளிக் ஐபி இருக்க வேண்டும். சர்வருக்குள் நுழைந்து முகவரியைப் பார்த்தால் 10.0.1.25 போன்ற பிரைவேட் ஐபி மட்டும்தான் தெரியும், பயப்பட வேண்டாம். மாற்றித் தருவது இன்டர்நெட் கேட்வேயின் வேலை. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் பப்ளிக் ஐபி மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். “நேற்று வரை வந்தது, ரீஸ்டார்ட்டுக்குப் பின் வரவில்லை” என்றால் முதல் சந்தேகம் இதன்மேல். எலாஸ்டிக் ஐபி (மாறாத பப்ளிக் ஐபி) போடுவது தீர்வு. வெறும் ரீபூட்டில் ஐபி மாறாது.

இப்போது முதல் பயிற்சி. புதிதாக ஒரு நெட்வொர்க் ஏசிஎல் உருவாக்கி, பப்ளிக் சப்நெட்டில் இணையுங்கள். விபிசியோடு தானாக வரும் ஏசிஎல் எல்லாவற்றையும் அனுமதிக்கும். நாம் உருவாக்குவதோ விதி எழுதும் வரை எல்லாவற்றையும் மறுக்கும். உள்வரும் பக்கத்தில் 22-க்கும் (எஸ்எஸ்ஹெச், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) 80-க்கும் (வலைப்பக்கம்) அனுமதி எழுதுங்கள். வெளிச்செல்லும் பக்கத்தில் எதுவும் எழுதாதீர்கள். உலாவியில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்து டைம் அவுட் ஆகும்.

ஏன்? செக்யூரிட்டி குரூப்புக்கு ஞாபகம் உண்டு. உள்ளே விட்ட ஆளைத் தானாக வெளியே விடும். ஏசிஎல்லுக்கு ஞாபகம் கிடையாது. வாசலில் நிற்கும் காவலாளி, உள்ளே போனவரையே வெளியே வரும்போது “நீ யார்?” என்று கேட்பது போல. பதில் போவது 80-ஆம் போர்ட்டுக்கு அல்ல. பயனரின் உலாவி அந்த நேரத்துக்கு எடுத்துக்கொண்ட தற்காலிகப் போர்ட்டுக்கு. எனவே வெளிச்செல்லும் பக்கத்தில் 1024 முதல் 65535 வரை அனுமதிக்க வேண்டும். எழுதுங்கள், பக்கம் திறக்கும்.

முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். சர்வருக்குள் போய் மென்பொருள் அப்டேட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். தொங்கும். இணையதளம் ஓடுகிறது, எஸ்எஸ்ஹெச் ஓடுகிறது, அப்டேட் மட்டும் ஓடவில்லை. இந்த முறை பேச்சை ஆரம்பித்தது சர்வர். அது வெளியே 443-க்கு (ஹெச்டிடிபிஎஸ் போர்ட்) போக வேண்டும். பதில் உள்ளே தற்காலிகப் போர்ட்டுக்கு வர வேண்டும். இரண்டு பக்கத்திலும் விதி மாற வேண்டும். யார் பேச்சை ஆரம்பித்தார்கள் என்ற கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் ஏசிஎல் கேள்வி எதுவும் உங்களைக் குழப்பாது.

ஏசிஎல் விதிகள் எண் வரிசையில் பார்க்கப்படும். முதலில் பொருந்துவதோடு தீர்ப்பு முடிந்துவிடும். 100-இல் அனுமதி, 200-இல் தடை என்றால் தடைக்கு வேலையே இல்லை. செக்யூரிட்டி குரூப்பில் தடை விதி என்ற ஒன்றே கிடையாது, அனுமதி மட்டும்தான். “தாக்கும் ஐபியை செக்யூரிட்டி குரூப்பில் தடை செய்யவும்” என்று ஒரு விடை இருந்தால், முழுதாகப் படிக்காமலே அடித்துவிடலாம்.

இன்னொரு நுட்பம்: செக்யூரிட்டி குரூப்பிலிருந்து ஒரு விதியை நீக்கினாலும், அது கண்காணித்துக்கொண்டிருக்கும் பழைய இணைப்புகள் உடனே அறுபடாது. “விதியை எடுத்துவிட்டேன், ஆனால் அவன் இன்னும் உள்ளே இருக்கிறான்” என்ற கேள்விக்கு விடை, ஏசிஎல்லில் தடை எழுதுவது.

பிங்கை நம்பாதீர்கள்

பிங் என்பது ‘இருக்கிறாயா’ என்று சர்வரைக் கேட்கும் கட்டளை; அது போவது ஐசிஎம்பி என்ற நெறிமுறையில். செக்யூரிட்டி குரூப்பில் ஐசிஎம்பியைத் தனியாக அனுமதிக்காவிட்டால் நன்றாக ஓடும் சர்வரும் பிங்குக்குப் பதில் தராது. “பிங் போகவில்லை, சர்வர் செத்துவிட்டது” என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடவேண்டிய போர்ட்டையே சோதியுங்கள், கர்ல் (வலை முகவரியை அழைத்துப் பார்க்கும் கட்டளை) போதும்.

சர்வருக்குள்ளிருந்து கர்ல் போட்டால் வருகிறது, வெளியிலிருந்து ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் எஸ்எஸ் கட்டளையில் (திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டுவது) கேட்கும் முகவரியைப் பாருங்கள். 127.0.0.1:8080 என்று இருந்தால் நிரல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது. 0.0.0.0:8080 என்று மாற்ற வேண்டும். இதை வேண்டுமென்றே ஒருமுறை செய்து பாருங்கள். டைம் அவுட்டுக்கும் ரெஃப்யூஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் கையில் பதிந்துவிடும்.

எஸ்எஸ்ஹெச்சில் ‘பெர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ’ என்று வந்தால் நெட்வொர்க் முழுக்கச் சரி. பெரும்பாலும் தவறான பயனர் பெயரோ தவறான சாவியோதான் காரணம். உபுண்டு சர்வரில் அமேசான் லினக்ஸின் பயனர் பெயரைப் போட்டுவிட்டு ரூட் டேபிளைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

ஃப்ளோ லாக் படிக்கக் கற்றுக்கொள்வது

வழியில் நடந்தும் கோளாறு பிடிபடவில்லை என்றால் விபிசி ஃப்ளோ லாக். ஒவ்வொரு வரியிலும் அனுப்பியவர் ஐபி, பெறுபவர் ஐபி, இரு போர்ட்டுகள், புரோட்டோகால் எண், பாக்கெட் எண்ணிக்கை, கடைசிக்கு முன்பாக ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பது இருக்கும். புரோட்டோகால் 6 என்றால் டிசிபி, 17 என்றால் யுடிபி, 1 என்றால் ஐசிஎம்பி. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்யலாம்.

படிக்கும் முறை இதுதான். உங்கள் முகவரி 203.0.113.12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 10.0.1.25-இன் 80-க்கு வந்தது ஏற்கப்பட்டிருக்கிறது, 10.0.1.25-இலிருந்து உங்களுக்குத் திரும்பியது மறுக்கப்பட்டிருக்கிறது. குற்றவாளி ஏசிஎல்தான். ஞாபகம் உள்ள செக்யூரிட்டி குரூப் உள்ளே விட்டதன் பதிலைத் தடுக்காது. உள்வருவதே மறுக்கப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்று, இரண்டையும் பார்க்க வேண்டும். இரு திசையிலும் ஏற்கப்பட்டிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு சர்வருக்குள் போங்கள். வரியே இல்லை என்றால் பாக்கெட் அந்த நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு வரவே இல்லை: தவறான ஐபி, மாறிப்போன பப்ளிக் ஐபி, அல்லது உங்கள் அலுவலக ஃபயர்வால்.

சற்றுப் பொறுமையும் வேண்டும். பதிவுகளைத் தொகுக்கும் இடைவெளி இயல்பாக அதிகபட்சம் 10 நிமிடம். 1 நிமிடமாகக் குறைக்கலாம். அப்புறம் சில விஷயங்கள் இதில் பதிவாகவே ஆகாது: அமேசானின் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும்) சர்வருக்குப் போகும் கேள்விகள், 169.254.169.254 மெட்டாடேட்டா (சர்வர் தன் விவரங்களைக் கேட்டுக்கொள்ளும் முகவரி), டிஹெச்சிபி (ஐபி வழங்கும் முறை). பாக்கெட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது. அதற்கு டிராஃபிக் மிரரிங் (பாக்கெட்டை நகலெடுத்து அனுப்பும் வசதி). தேர்வில் இந்த இடத்தில் ஒரு கண்ணி எப்போதும் உண்டு.

ரீச்சபிலிட்டி அனலைசர் வேறு வகை. அது பாக்கெட் எதையும் அனுப்பாது. அமைப்புகளை மட்டும் படித்து, இங்கிருந்து அங்கே போக வழி உண்டா, இல்லையென்றால் எங்கே அடைபட்டது என்று சொல்லும். ‘எந்த விதி தடுக்கிறது’ என்றால் அனலைசர், ‘என்ன நடந்தது’ என்றால் ஃப்ளோ லாக்.

இணைகிறது, ஆனால் பாதியில் நிற்கிறது

முற்றிலும் ஓடாததைக் கண்டுபிடிப்பது எளிது. ஓடி ஓடி நிற்பதுதான் தலைவலி.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பிரைவேட் சப்நெட்டிலிருந்து வெளியே உள்ள ஒரு தரவுத்தளத்துக்கு இரவில் ஒரு ரிப்போர்ட் ஓடும். சின்ன வினவல்கள் எல்லாம் முடியும். பத்து நிமிடம் எடுக்கும் ஒரே ஒரு வினவல் மட்டும் எப்போதும் அறுந்துபோகும். தரவுத்தளக்காரர் தம் பக்கம் வினவல் ஒழுங்காக முடிந்ததாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். நடுவில் நின்ற நாட் கேட்வே, 350 விநாடி எந்த அசைவும் இல்லாத இணைப்பை மறந்துவிடும். வினவல் ஓடிக்கொண்டிருக்கும் பத்து நிமிடமும் கம்பியில் ஒரு பைட்கூடப் போகவில்லை. லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் (சும்மா இருக்கும் இணைப்பைத் தட்டிப்பார்க்கும் சின்ன பாக்கெட்) இயல்பாக 7200 விநாடிக்குப் பிறகுதான் விழிக்கும். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். கீப்அலைவை 350-க்குக் கீழே இறக்கியதும் சரியானது. ‘சும்மா இருந்தபின் இணைப்பு அறுகிறது’ என்று கேள்வியில் கண்டால் 350 என்ற எண் மனதில் மின்ன வேண்டும்.

அதே நாட் கேட்வேயில் இன்னொரு எல்லை: ஒரே சேருமிடத்துக்கு ஓர் ஐபியிலிருந்து ஒரே நேரத்தில் 55,000 இணைப்புகள். தாண்டினால் ‘எரர் போர்ட் அலோகேஷன்’ என்ற மெட்ரிக் ஏறும். எஸ்3-க்கும் (அமேசானின் கோப்புச் சேமிப்பு) டைனமோடிபிக்கும் (அதன் தரவுத்தளம்) போகும் போக்குவரத்தாக இருந்தால் கேட்வே எண்ட்பாயிண்ட் (விபிசியிலிருந்து அவற்றுக்கு நேர்வழி) வைத்து நாட்டைத் தவிர்த்துவிடலாம். அந்த எண்ட்பாயிண்டுக்குக் கட்டணமும் இல்லை. செலவைக் குறைக்கச் சொல்லும் கேள்விக்கும் பெரும்பாலும் இதே விடை.

இன்னொரு வகை நோய். விபிஎன் வழியாக எஸ்எஸ்ஹெச் உள்ளே போகிறது. சின்னக் கட்டளைகள் ஓடுகின்றன. பெரிய கோப்பு ஒன்றைத் திறந்ததும் திரை உறைந்துவிடுகிறது. இது எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறு. விபிசிக்குள் 9001 பைட் அளவு ஜம்போ ஃபிரேம்கள் போகும். இன்டர்நெட் கேட்வே வழியாகவும் விபிஎன் வழியாகவும் 1500-க்கு மேல் போகாது; விபிஎன்னில் அதைவிடவும் குறையும். பெரிய பாக்கெட் நுழையாதபோது ‘சின்னதாக அனுப்பு’ என்று ஓர் ஐசிஎம்பி செய்தி திரும்பி வர வேண்டும்: வகை 3, குறியீடு 4. ஐசிஎம்பி முழுவதையும் பாதுகாப்பு என்ற பெயரில் அடைத்துவிட்டால் அந்தச் செய்தி வந்து சேராது. பிங்கை மட்டும் அனுமதித்துவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பும் சேர்ந்து சரியாக 1500. சின்ன பிங் போய், இது மட்டும் பதிலே இல்லாமல் தொலைந்தால் நோய் உறுதி.

டிஎன்எஸ் பற்றிக் கொஞ்சம். விபிசியின் டிஎன்எஸ் சர்வர் முகவரி வரம்பின் அடியோடு 2 கூட்டிய இடத்தில் இருக்கும். நம் விபிசியில் 10.0.0.2. பிரைவேட் ஹோஸ்டட் ஸோன் (விபிசிக்குள் மட்டும் தெரியும் பெயர்ப் பட்டியல்) பெயர் கிடைக்கவில்லை என்றால் விபிசியின் டிஎன்எஸ் சப்போர்ட், டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம்ஸ் இரண்டும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலிருந்து விநாடிக்கு 1024 பாக்கெட்டுக்கு மேல் டிஎன்எஸ்ஸுக்குப் போக முடியாது. அவ்வப்போது மட்டும் பெயர் கிடைக்காமல் போகும் பெரிய சர்வர்களில் இதைச் சந்தேகிக்கலாம். சர்வரிலேயே டிஎன்எஸ் கேஷ் வைத்துக்கொள்வது தீர்வு.

விபிசி பியரிங்கில் (இரண்டு விபிசிகளை நேரடியாக இணைப்பதில்) இரண்டு விதி. ஏ-வும் பி-யும் இணைந்து, பி-யும் சி-யும் இணைந்தால், ஏ-விலிருந்து சி-க்குப் போக முடியாது. ஐபி வரம்புகள் ஒன்றோடொன்று மோதினால் இணைப்பே அமையாது.

லோட் பேலன்சர் பேசும் எண்கள்

லோட் பேலன்சர், வரும் கோரிக்கைகளைப் பின்னால் உள்ள பல சர்வர்களுக்குப் பிரித்துத் தரும். அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் 503 வந்தால், அனுப்ப ஆளே இல்லை: டார்கெட் குரூப் (அந்தச் சர்வர்களின் குழு) காலி. 504 என்றால் ஆள் இருக்கிறார், நேரத்துக்குள் பதில் தரவில்லை. செக்யூரிட்டி குரூப் தடுப்பதும் இப்படித்தான் தெரியும். 502 என்றால் பதில் தந்தார், ஆனால் அரைகுறையாக, அல்லது பாதியில் போனை வைத்துவிட்டார். அவ்வப்போது மட்டும் 502 எட்டிப்பார்த்தால் கீப்அலைவ் நேரத்தைப் பாருங்கள். லோட் பேலன்சர் இயல்பாக 60 விநாடி காத்திருக்கும். பின்னால் உள்ள சர்வர் அதற்கு முன்பே இணைப்பை மூடினால் இந்த வினை. சர்வர் பக்க நேரம் 60-ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

சர்வர் நன்றாக ஓடியும் ‘அன்ஹெல்தி’ என்று காட்டுகிறதா? ஹெல்த் செக் பாதைக்கு சர்வர் 301 தருகிறதா என்று பாருங்கள். எதிர்பார்ப்பது 200, கிடைப்பது ‘வேறு முகவரிக்குப் போ’ என்ற பதில்.

மெதுவாக ஓடும் சர்வர்

இங்கே முதல் பொய்யர், சிபியு வரைபடம். டி வகை இன்ஸ்டன்ஸ் (வாடகைச் சர்வர்) ஒன்று மிக மெதுவாக ஓடுகிறது, ஆனால் கிளவுட்வாட்ச்சில் (அமேசானின் கண்காணிப்புச் சேவை) சிபியு 10 சதவீதத்தில் கோடு கிழித்தது போல நிற்கிறது. சும்மா இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிபியு கிரெடிட் என்பது ஒரு விசிபியு (மெய்நிகர் சிபியு) ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவது. டி3 மைக்ரோவுக்கு இரண்டு விசிபியு. மணிக்கு 12 கிரெடிட் வரவு. அதிகபட்சம் 288 சேர்க்கலாம். இரண்டு விசிபியுவும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 120 செலவு. வரவு போக 108. ஆக 288 கிரெடிட் சுமார் 2 மணி 40 நிமிடத்தில் தீரும். அதன்பின் ஸ்டாண்டர்டு முறையில் ஒவ்வொரு விசிபியுவும் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ‘காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் படுத்துவிடுகிறது’ என்று கேள்வி சொன்னால் பார்க்கவேண்டியது கிரெடிட் பேலன்ஸ். டி3 இயல்பாக அன்லிமிடெட் முறையில் வரும். அங்கே வேகம் குறையாது, பில் கூடும். டி2 இயல்பாக ஸ்டாண்டர்டு. இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு கேள்வி அமைக்க முடியும்.

சர்வருக்குள் டாப் கட்டளையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ‘எஸ்டி’ உயர்ந்தால், நாம் கேட்ட சிபியுவைக் கீழே உள்ள ஹைப்பர்வைசர் (ஓர் இயந்திரத்தைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) தரவில்லை; கிரெடிட் தீர்ந்த சர்வரில் இதைக் காணலாம். ‘டபிள்யூஏ’ உயர்ந்தால் சிபியு வட்டுக்காகக் காத்திருக்கிறது. சிபியு குறைவாக, லோட் ஆவரேஜ் மட்டும் அதிகமாக இருந்தால் வட்டின் பக்கம் திரும்புங்கள்.

வட்டில் நான் அதிகம் கண்டது ஜிபி2 என்ற வகை வால்யூமின் (கிளவுட் வட்டின்) ஒளிந்திருக்கும் எல்லை. ஒரு கிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ்தான் (விநாடிக்கு எத்தனை முறை வாசித்து எழுதலாம் என்ற கணக்கு) நிரந்தர உரிமை. 100 ஜிபி வால்யூமுக்கு 300. ஆனால் 54 லட்சம் கிரெடிட் கொண்ட ஒரு பையைக் கையில் கொடுத்து, 3000 வரை ஓடவிடுவார்கள். விநாடிக்கு 2700 வீதம் பை காலியானால் 2000 விநாடி, அதாவது 33 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு 3000-லிருந்து 300-க்கு விழும், பத்தில் ஒரு பங்கு வேகம். ‘பேக்கப் ஆரம்பித்து அரை மணிக்குப் பின் எல்லாம் நின்றுபோகிறது’ என்பதன் ரகசியம் இது. பர்ஸ்ட் பேலன்ஸ் மெட்ரிக் சுழியத்தில் கிடக்கும். தீர்வு ஜிபி3 வகை வால்யூம். அளவு எதுவாக இருந்தாலும் 3000 ஐஓபிஎஸ்ஸும் விநாடிக்கு 125 எம்ஐபியும் கையில் உண்டு, ஒரு கிகாபைட்டுக்கான விலையும் குறைவு, சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். வால்யூமைப் பெரிதாக்கினாலும் ஐஓபிஎஸ் கூடும்தான். ஆனால் தேவையில்லாத இடத்துக்குக் காசு. பெரிதாக்கியபின் பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் தனித்தனியாக விரிக்க வேண்டும், இல்லையென்றால் லினக்ஸுக்குப் பழைய அளவுதான் தெரியும்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து (வட்டின் சேமித்த நகல்) புதிதாக உருவாக்கிய வால்யூம் முதல் சில மணி நேரம் மந்தமாக இருந்தால் அது கோளாறு இல்லை. ஒவ்வொரு பிளாக்கும் முதல்முறை தொடும்போதுதான் எஸ்3-இலிருந்து வருகிறது. ஃபாஸ்ட் ஸ்னாப்ஷாட் ரெஸ்டோர் அதற்காகத்தான்.

நினைவகம்: கிளவுட்வாட்ச் தானாக அதைக் காட்டாது. சர்வருக்குள் எவ்வளவு ரேம் பயன்படுகிறது என்று வெளியிலிருந்து அமேசானுக்குத் தெரியாது. ஏஜெண்ட் போட வேண்டும். வட்டு எவ்வளவு நிரம்பியது என்பதும் அப்படித்தான். ‘டீட்டெய்ல்டு மானிட்டரிங்கை இயக்கினால் மெமரி தெரியும்’ என்ற விடை ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் நிற்கும். அது 5 நிமிடத்தை 1 நிமிடமாக்கும், அவ்வளவுதான்.

நெட்வொர்க் வேகத்தில் ‘அப் டு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டி3 மைக்ரோவுக்கு ‘5 ஜிபிபிஎஸ் வரை’ என்று போட்டிருக்கும். நிரந்தர வேகம் 64 எம்பிபிஎஸ்தான். ஈத்டூல் கட்டளையில் இன்டர்ஃபேஸின் புள்ளிவிவரங்களைக் கேட்டால் ‘அலவன்ஸ் எக்ஸீடட்’ என்று முடியும் எண்கள் வரும்: உள்வரும் வேகம், வெளிச்செல்லும் வேகம், விநாடிக்கான பாக்கெட், கண்காணிக்கும் இணைப்புகள், லிங்க்-லோக்கல் என்று தனித்தனியாக. எது ஏறுகிறதோ அதில்தான் முட்டுகிறோம். பெரிய இன்ஸ்டன்ஸ் வாங்கியும் ஒரே இணைப்பில் 5 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் வரவில்லை என்றால் அது விதிக்கப்பட்ட எல்லை. கிளஸ்டர் பிளேஸ்மெண்ட் குரூப்புக்குள் (அருகருகே வைத்த சர்வர்கள்) 10 கிடைக்கும், அல்லது பல இணைப்புகளாகப் பிரித்து அனுப்ப வேண்டும்.

ஸ்டேட்டஸ் செக்கில் சிஸ்டம் செக் தோற்றால் குறை அமேசானின் இயந்திரத்தில். நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் வேறு இயந்திரத்துக்கு மாறும், ரீபூட் போதாது. இன்ஸ்டன்ஸ் செக் தோற்றால் குறை நம் வீட்டில்: கெர்னல், ஃபைல் சிஸ்டம், தவறான நெட்வொர்க் அமைப்பு.

தேர்வு அறையில்

இரண்டு நிமிடத்தில் நீளமான கேள்வியை முழுதாகப் படித்துக்கொண்டிருந்தால் நேரம் போதாது. நான் கடைசி வாக்கியத்தை முதலில் படிப்பேன். ‘குறைந்த பராமரிப்பு வேலையோடு’ என்றால் நாமே ஸ்கிரிப்ட் எழுதும் விடைகள் பின்னுக்குப் போகும். ‘குறைந்த செலவில்’ என்றால் பெரிய இன்ஸ்டன்ஸ் வாங்கச் சொல்வது போகும். அதன்பின் அறிகுறிச் சொல்: டைம் அவுட், ரெஃப்யூஸ்டு, அவ்வப்போது, அரை மணிக்குப் பின், ரீஸ்டார்ட்டுக்குப் பின். அப்புறம் நடக்கவே முடியாத விடைகளை அடிப்பது: பிரைவேட் சப்நெட்டில் வைத்த பப்ளிக் நாட் கேட்வே, பியரிங் வழியாக மூன்றாவது விபிசிக்குப் போவது, செக்யூரிட்டி குரூப் தடை. இவற்றை அடித்தபின் மிஞ்சும் இரண்டில்தான் யோசனை.

கலைக்கும்போது ஒரு கடைசிப் பயிற்சி

விபிசியை மொத்தமாக அழிக்காதீர்கள். முதலில் நாட் கேட்வேயை மட்டும் அழித்துவிட்டு, பிரைவேட் சப்நெட்டின் ரூட் டேபிளைத் திறங்கள். 0.0.0.0/0 வரி அப்படியே இருக்கும்; அதன் நிலை மட்டும் ‘பிளாக்ஹோல்’ என்று மாறியிருக்கும். பிரைவேட் சர்வருக்குள் பப்ளிக் சர்வர் வழியாக நுழைந்து கர்ல் போட்டு, என்ன செய்தி வருகிறது என்று நீங்களே பாருங்கள். பிறகு சர்வர்களை அழியுங்கள். எலாஸ்டிக் ஐபி, நாட் கேட்வேயோடு சேர்ந்து போகாது. தனியாக விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கான மணிக்கணக்குக் காசு ஓடிக்கொண்டேயிருக்கும்.